கிட்டி முதல் ரெகவரி வரை: செஞ்சிப் பக்கத்தில் புகார் எழுதிய கதை

போன எபிசோடில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததைப் பத்திப் பேசினோம். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றா அது அறிவிக்கப்பட்டது. அதுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வி கேட்டீங்க: "ராஜகிரி, கல்யாண மஹால் எல்லாம் சரி, அந்தக் கைதிக் கிணறு என்ன?"

கோட்டைக்குள்ள சக்கரக்குளம் பக்கத்தில் ஒரு பெரிய பாறை. நடுவில் கிணறு மாதிரி இயற்கையாவே குழிஞ்ச ஓட்டை. மரண தண்டனை பெற்ற கைதிகளை அதில் தள்ளி, பசியில் சாக விட்டாங்கன்னு வழிவழியா சொல்றாங்க. எந்த அரசர், எத்தனை பேர்னு எந்தக் கணக்கும் இல்லை. ஏன் இல்லைன்னா, அதில் விழுந்தவங்க சார்பா யாரும் எதையும் எழுதி வைக்கலை. இன்னைக்கு எபிசோட் அந்த 'எழுதி வைக்கிற' வேலையைப் பத்தித்தான்.

1855: ஆயிரத்துத் தொள்ளாயிரம் புகார்கள்

செஞ்சி அப்போ தென்னார்க்காடு மாவட்டம். கம்பெனி ஆட்சி. 1816ல் வந்த ஒரு ஏற்பாட்டின்படி, வரி வசூலிக்கிற தாசில்தாரே போலீஸ் அதிகாரியும். அவருக்கு மேல கலெக்டர், அவரே மாஜிஸ்திரேட். அதாவது வரி கட்டலைன்னு உங்களை அடிக்கிறவர்கிட்டயே போய், "என்னை அடிச்சுட்டாங்க"ன்னு புகார் கொடுக்கணும்.

சென்னையில் ஒரு வணிகர் இருந்தார், பெயர் காஜுலு லட்சுமிநரசு செட்டி. 1844ல் 'கிரசென்ட்'னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். 1852ல் சென்னை சுதேசி சங்கம் உருவாக முன்னால நின்னவர் அவர்தான். அந்தச் சங்கம் லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பிச்சது. வரி வசூலில் நடக்கிற சித்திரவதையும் பேச்சுக்கு வந்தது. 1853ல் டான்பி சீமர்ங்கிற எம்.பி. நேர்ல வந்தார், லட்சுமிநரசு அவரைக் கூட்டிக்கிட்டு மாகாணத்தைச் சுற்றிக் காட்டினார். 1854ல் இது லண்டனில் விவாதமாச்சு. அங்கே பலர் நம்பலை. கடைசியில் சென்னையில் விசாரணைக் கமிஷன் போட்டாங்க: எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன்னு மூணு பேர்.

சில மாசத்துக்குள்ள கமிஷன்கிட்ட வந்த புகார்கள் 1,959. அதில் 519 பேர் நேர்ல வந்தாங்க, மீதி 1,440 எழுத்து மூலமா வந்தது. ரயில் இல்லாத காலம், பஸ் இல்லாத காலம்ங்கிறதை நினைச்சுப் பாருங்க.

அந்த அறிக்கை இன்னைக்கு இணையத்தில் இலவசமா கிடைக்குது. ராத்திரி வேலை முடிஞ்சு அதைப் புரட்டும்போது என்னை நிறுத்தினது அதிலிருக்கிற தமிழ்ச் சொற்கள்தான். 'கிட்டி'ன்னா ஒரு முனையில் கட்டின ரெண்டு குச்சி, நடுவில் விரலை வச்சு நெருக்குவாங்க. 'அண்ணாந்தாள்'ன்னா ஆளை வளைச்சு, கயிறாலயோ அவர் துணியாலயோ கட்டி, அசையாம நிறுத்துறது. மொழிபெயர்க்க முடியாம அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருக்காங்க. 1857ல் கார்ல் மார்க்ஸ் 'நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்' பத்திரிகையில் இந்த அறிக்கையை வச்சு ஒரு கட்டுரையே எழுதினார்.

சித்திரவதை நடக்குதுன்னு கமிஷன் ஒத்துக்கிச்சு. ஆனா பழியை முழுக்கக் கீழே இருக்கிற உள்ளூர்ச் சிப்பந்திகள் மேல போட்டுட்டு, வெள்ளைக்கார அதிகாரிகளைக் காப்பாத்திடுச்சு. இந்த உத்தி உங்களுக்குப் பழக்கமா இருக்கும். இன்னைக்கும் ஏதாவது நடந்தா நாலு கான்ஸ்டபிள் சஸ்பெண்ட், மேல யாரும் இல்லை.

ரெண்டு சட்டம், ஒரு ஓட்டை

கமிஷனுக்கு அப்புறம் ரெண்டு விஷயம் நடந்தது. ஒண்ணு, வரி வேலையையும் போலீஸ் வேலையையும் பிரிச்சு 1859ல் தனி போலீஸ் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பெயர் மாறி நம்ம மாநிலத்தில் இன்னும் புழக்கத்தில் இருக்கு. ரெண்டாவது, போலீஸ்கிட்ட கொடுக்கிற வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாதுன்னு 1861ல் விதி வந்தது. அதுதான் 1872 சாட்சியச் சட்டத்தில் 25வது பிரிவு ஆச்சு. 2024 ஜூலையில் இருந்து நடைமுறையில் இருக்கிற புதுச் சாட்சியச் சட்டத்திலும் அது 23வது பிரிவா இருக்கு. அடிச்சு வாங்கின வாக்குமூலத்துக்கு மதிப்பு இல்லைன்னா அடிக்க மாட்டாங்கங்கிறது லாஜிக்.

ஆனா அதிலேயே ஒரு விதிவிலக்கு. அடிச்சு, "நகை எங்கே?"ன்னு கேட்டு, அவர் சொன்ன இடத்தில் நகை கிடைச்சா, அந்த அளவுக்கு அவர் சொன்னது செல்லும். பழைய 27வது பிரிவு. ஸ்டேஷன் பாஷையில் இதுக்குப் பெயர் 'ரெகவரி'. கண்டுபிடிக்காத திருட்டு கேஸ் பத்து தேங்கி நிக்கும்போது, அந்த விதிவிலக்கு ஒரு ஆளைத் தேடும். கேட்க நாதி இல்லாத ஆளை.

1993: நம்ம பக்கத்திலேயே

செஞ்சி, திண்டிவனம் பக்கம் அந்த ஆள் பெரும்பாலும் இருளர். நிலம் கிடையாது, செங்கல் சூளையிலோ ரைஸ் மில்லிலோ முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட வேலை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்தாச்சு, ஆனா சூளைக்கு அந்தச் செய்தி போய்ச் சேர ரொம்ப வருஷம் ஆச்சு. அரசுக் கணக்கில் பழங்குடி, ஆனா கையில் சாதிச் சான்றிதழ் இல்லை. அது இல்லைன்னா 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி புகார் கொடுக்கப் போனாலும், நீங்க பழங்குடின்னு முதல்ல நிரூபிக்கணும்.

1993 ஜூலை. விழுப்புரம் இன்னும் தனி மாவட்டம் ஆகலை, செப்டம்பர் கடைசியில்தான் ஆச்சு. திருட்டு கேஸ்னு சொல்லி உறவினரைத் தேடி வந்த புதுச்சேரி போலீஸ்காரங்க, அத்தியூரில் ஒரு இருளர் இளம்பெண்ணைக் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினாங்கன்னு புகார். அதே வருஷம்தான் கம்மாபுரம் ஸ்டேஷனில் ராஜாகண்ணு கொல்லப்பட்டார், 'ஜெய் பீம்' படத்துக்கு அடிப்படையான வழக்கு. படத்தில் இருளர்னு காட்டினாங்க, நிஜத்தில் அவர் குறவர் சமூகம்.

அத்தியூர் வழக்கைக் கையில் எடுத்தவர் திண்டிவனம் அரசுக் கல்லூரிப் பேராசிரியர் பிரபா கல்விமணி. பேராசிரியர் கல்யாணின்னு சொன்னா இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அந்த வழக்குதான் 1996ல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமா மாறிச்சு. 13 வருஷம் கழிச்சு, 2006ல் விழுப்புரம் நீதிமன்றம் போலீஸ்காரங்களுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுதலை பண்ணிடுச்சு.

அப்போ தோத்துட்டாங்களா?

தீர்ப்பை மட்டும் பார்த்தா ஆமான்னுதான் தோணும். ஆனா சங்கம் தினமும் செஞ்ச வேலையைப் பாருங்க: சாதிச் சான்றிதழுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலையறது, சூளையிலிருந்து குடும்பங்களை மீட்கிறது, பசங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறது, யாரையாவது ஜீப்பில் ஏத்திட்டுப் போனா உடனே மனு எழுதறது. இது எதுவும் செய்தியில் வராது. ஆனா இந்தக் காகிதங்கள்தான் ஒரு ஆளை 'கேட்க நாதி இருக்கிற ஆள்' ஆக்குது.

2011 நவம்பரில் திருக்கோவிலூர் போலீஸ் நாலு இருளர் பெண்களை ராத்திரி கூட்டிட்டுப் போய்ப் பாலியல் வன்முறை செஞ்சாங்கன்னு புகார் வந்தது. சங்கம் ஆரம்பிச்சு 15 வருஷம் ஆகியும் இது நடந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனா சில நாளிலேயே புகார் வெளியே வந்தது, வழக்குப் பதிவாச்சு, போலீஸ்காரங்க சஸ்பெண்ட் ஆனாங்க. அந்தப் பெண்கள் போய் நிக்க ஒரு வாசல் இருந்தது. லட்சுமிநரசு காலத்தில் அந்த வாசலுக்குச் சென்னை வரைக்கும் போகணும்.

இப்போ

2020ல் சாத்தான்குளம், ஜெயராஜும் பென்னிக்ஸும். அங்கே உண்மையை வெளியே கொண்டு வர உதவினது மாஜிஸ்திரேட்கிட்ட ஒரு பெண் தலைமைக் காவலர் துணிஞ்சு சொன்ன சாட்சி. 2025ல் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். அதுவும் நகை காணோம்ங்கிற புகார்தான். மறுபடி ரெகவரி. ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் இந்தியா 1997ல் கையெழுத்துப் போட்டது, இன்னும் அதை உறுதிப்படுத்தலை. சித்திரவதைக்குன்னு தனிச் சட்டமும் நம்மகிட்ட இல்லை.

இதைக் கேட்கிற நீங்க பெரும்பாலும் ஐ.டி. பார்க், பி.ஜி., மெட்ரோன்னு வாழறவங்க. உங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்தில் ஒரு வக்கீல் நண்பருக்குப் போன் போகும். உங்க அபார்ட்மென்டில் வேலை செய்யற அக்காவையோ, செக்யூரிட்டி அண்ணனையோ நகை கேஸில் கூட்டிட்டுப் போனா யாருக்குப் போன் போகும்?

அதனால இதை மட்டும் மனசில் வச்சுக்கோங்க. 1996ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கைது பண்ணினா நேரத்தோட கைதுக் குறிப்பு எழுதணும், அதில் ஒரு சாட்சி கையெழுத்து வேணும், வீட்டுக்காரங்களுக்கோ நண்பருக்கோ சொல்லணும், மருத்துவப் பரிசோதனை நடக்கணும். 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும்ங்கிறது அரசியலமைப்பிலேயே இருக்கு. 2020 டிசம்பரில் எல்லா ஸ்டேஷனிலும் சிசிடிவி வேணும்னு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது, அந்தப் பதிவைக் கேட்கலாம்.

'விசாரணைக்கு'ன்னு சும்மா கூட்டிட்டுப் போனா, எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், எந்த ஸ்டேஷன்னு உடனே எழுதி வைங்க. வீட்டுக்காரங்ககூட ஸ்டேஷனுக்குப் போங்க. வாசலில் நின்னாலும் பரவாயில்லை, ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்கார்னு உள்ளே இருக்கிறவங்களுக்குத் தெரியணும்.

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.