ஜெட் லாக்

பல நேர மண்டலங்களை விமானத்தில் விரைந்து கடப்பவரின் உடற்கடிகாரம், போய்ச் சேர்ந்த ஊரின் நேரத்தோடு ஒத்துப்போகாமல் தடுமாறும் நிலை. இரவில் விழிப்பு, பகலில் தூக்கம், மந்தம், செரிமானக் கோளாறு ஆகியவை இதன் அறிகுறிகள். வடக்கு தெற்காக எவ்வளவு தொலைவு பறந்தாலும் அலுப்பு வருமே தவிர, இது வராது.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள சிறு நரம்பணுத் திரள், கண்வழி வரும் ஒளியைக் கொண்டு உடலின் நேரத்தைத் திருத்துகிறது. உயிரணுவுக்குள் இக்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரின் உடற்கடிகாரச் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைச் சற்றே தாண்டுவதால், நாளை நீட்டும் மேற்குப் பயணம் எளிது. சுருக்கும் கிழக்குப் பயணம் கடினம். சென்னையிலிருந்து லண்டன் போகும்போது இருப்பதைவிட, திரும்பி வரும்போது பலருக்கும் அவதி கூடுவது இதனால்தான். உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே ஈடுகட்டும்.

மாத்திரையைவிட வெளிச்சமே வலிமையான மருந்து. மேற்கே சென்றவர் மாலை வெயிலில் நடக்கலாம். கிழக்கே சென்றவருக்குக் காலை வெளிச்சம் உதவும். ஆனால் கிழக்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், முதல் நாள்களின் விடியற்கால ஒளி கடிகாரத்தை எதிர்த்திசையில் தள்ளிவிடக்கூடும்; அப்போது முற்பகல் வரை கறுப்புக் கண்ணாடி நல்லது. தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் மாத்திரையை மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். இரண்டு நாளில் திரும்புவோர் சொந்த ஊர் நேரத்திலேயே இருந்துவிடலாம். தூக்கம் சரியாகும்வரை கார் ஓட்டுவதைத் தவிருங்கள்.