நிழலும் தண்ணியும் சட்டமான கதை

1/ வெயில்ல வேலை பாக்குறவங்களுக்குத் தண்ணி கொடுக்க ஒரு சட்டம் வேணுமா? வேணும்கிறதுக்கு கலிஃபோர்னியா மாநில வரலாறே சாட்சி மக்களே. வாங்க பார்ப்போம்.

2/ 2004. அங்கே ஒரு திராட்சைத் தோட்டம். வெயில் 105 டிகிரி ஃபாரன்ஹீட். பத்து மணி நேரம் பழம் பறித்த 53 வயதுத் தொழிலாளி மயங்கி விழுகிறார். ஆம்புலன்ஸ் வரவில்லை. கூடவே வேலை பார்த்த மகனிடம், "அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

3/ 2005 கோடையிலும் வயல்களில் சாவுகள் தொடர்ந்தன. அந்த ஆண்டே அவசர விதி வந்தது, 2006இல் நிரந்தரமானது. ஆளுக்கு மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிநீர், நிழல், ஓய்வு, பயிற்சி. எல்லாம் முதலாளியின் கடமை.

4/ பிரச்சனை முடிஞ்சுதா? இல்லை. 2008இல் 17 வயதுப் பெண், இரண்டு மாத கர்ப்பிணி, திராட்சைத் தோட்டத்தில் சுருண்டு விழுந்தார். உடல் வெப்பம் 108 டிகிரி. இரண்டு நாளில் இறந்தார். அது அவருக்கு வேலையில் மூன்றாவது நாள்!

5/ ஏன் மூன்றாவது நாள் முக்கியம்? வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கும், வியர்வையில் வெளியேறும் உப்பு குறையும். புது ஆளுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இருக்காது.

6/ 2015இல் விதி இறுகியது. 80 டிகிரி தாண்டினால் நிழல் தயாராக இருக்கணும். 95 டிகிரியில், விவசாய வேலைக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை 10 நிமிட ஓய்வு. கடும் வெயிலுக்குப் புதிதாக வந்தவரை 14 நாள் கண்காணிக்கணும்.

7/ இன்னொரு வரியும் சேர்ந்தது: வெப்ப பாதிப்பு அறிகுறி உள்ளவரைத் தனியே விடக்கூடாது, முதலுதவியோ மருத்துவ உதவியோ தராமல் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. 2004இல் அந்த மகனிடம் சொன்னது ஞாபகம் இருக்கா? அதற்கான பதில் இந்த வரி.

8/ உங்களிடம் நாலு பேர் வேலை பார்த்தாலும் சரி, இதை மனசுல வைங்க. வெயிலில் ஒருவர் குழறிப் பேசினால், தடுமாறினால் "ரெஸ்ட் எடு"ன்னு அனுப்பிடாதீங்க. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணி ஊற்றி விசிறிக்கிட்டே 108ஐக் கூப்பிடுங்க.