வெயில் முப்பத்திரண்டு, காய்ச்சல் நூற்றிரண்டு

கொழும்பில் வெயில் 32 என்றால் அது செல்சியஸ். பிள்ளைக்குக் காய்ச்சல் 102 என்றால் அது பாரன்ஹைட். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ அலகின் பெயரைச் சேர்த்துச் சொல்பவர் அரிது. அதனால் குழப்பமும் வருவதில்லை. காற்றுக்கு ஓர் அளவும் உடம்புக்கு இன்னோர் அளவும் நிலைத்ததற்கு நகரத்தின் வரலாற்றில் காரணம் உண்டு.

முதலில் வந்தது பாரன்ஹைட். டானியல் கேப்ரியல் பாரன்ஹைட் ஆம்ஸ்டர்டாமில் கருவிகள் செய்து வாழ்ந்தவர். 1724இல் அவர் தம் அளவுகோலை வெளியிட்டபோது கொழும்பும் ஒல்லாந்தர் கையில்தான் இருந்தது. ஆனால் இங்கே அதை ஊன்றச் செய்தவர்கள் ஆங்கிலேயர். 1816 முதல் 1820 வரை இலங்கையில் இராணுவ மருத்துவராக இருந்த ஜோன் டேவி வெப்பமானியைக் கையோடு கொண்டு திரிந்தவர். கன்னியா வெந்நீரூற்றையும் அளந்தார், மனித உடல்களையும் அளந்தார். பிற்பாடு வானிலைப் பதிவு நில அளவைத் திணைக்களத்தின் வேலையானது. 1907இல் புல்லர்ஸ் வீதியில், இன்றைய பௌத்தாலோக மாவத்தையில், கொழும்பு அவதான நிலையம் எழுந்தது. 1948இல் வளிமண்டலவியலுக்கு எனத் தனித் திணைக்களம் வந்தது. அதுவரையான அட்டவணைகள் பாரன்ஹைட்டிலேயே நிரம்பின.

சுவீடனின் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் முன்வைத்த அளவுகோலில் நீர் கொதிப்பது 0, உறைவது 100. அவர் இறந்த பிறகே அது தலைகீழாக்கப்பட்டது. 1970களில் இலங்கை மெட்ரிக் முறைக்கு மாறியது. வானிலை அறிக்கை செல்சியஸில் வரத் தொடங்கியபின் பழைய ஏடுகளைப் புதியவற்றோடு ஒப்பிடக் கணக்கு வேண்டியதாயிற்று.

கணக்கு எளிது: பாரன்ஹைட்டில் 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுத்தால் செல்சியஸ். மறுபக்கம் போக மனக்கணக்கே போதும். 30 பாகை செல்சியஸை இரட்டித்தால் 60. அதில் பத்திலொன்றைக் கழித்தால் 54. 32ஐக் கூட்டினால் 86. இது தோராயம் அல்ல, சரியான விடை.

பலரும் சறுக்குவது வித்தியாசத்தை மாற்றும்போதுதான். ஒரு நாளின் உச்ச வெப்பத்துக்கும் குறைந்த வெப்பத்துக்கும் இடைவெளி 12 பாகை பாரன்ஹைட் என்று பழைய ஏட்டில் இருந்தால், அது 6.7 பாகை செல்சியஸ். இங்கே 32ஐத் தொடவே கூடாது; தொட்டால் மறை 11.1 என்ற அபத்தம் வரும். கொழும்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குளிரான மாதத்தின் சராசரிக்கும் சூடான மாதத்தின் சராசரிக்கும் இடையே சுமார் 2 பாகை செல்சியஸ்தான் வேறுபாடு. பழைய 82, 83 இரண்டையும் முழு எண்ணாக மாற்றினால் இரண்டும் 28 ஆகிவிடும். இருந்த சிறு வேறுபாடும் மறைந்துபோகும். தசம புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தையேனும் காப்பாற்றினால்தான் 27.8, 28.3 என்று அது பிழைக்கும்.

உடம்பின் கணக்கில் தசமம் வேறு விதமாக விளையாடியது. ஜெர்மன் மருத்துவர் கார்ல் வுண்டர்லிச் 1868இல் வெளியிட்ட நூலில் உடலின் இயல்பு வெப்பத்தை 37 பாகை செல்சியஸ் என்றார். அதைப் பாரன்ஹைட்டுக்கு மாற்றினால் 98.6. நலமாக உள்ளவருக்கும் உடல் வெப்பம் நேரத்துக்கு நேரம் மாறும். ஆகவே அந்தத் தசமம் துல்லியத்தின் அடையாளம் அல்ல, பெருக்கலின் விளைவு. பிரித்தானியக் கண்ணாடி வெப்பமானிகள் பலவற்றில் அம்புக்குறி நின்றது 98.4இல், அதாவது 36.9இல். உதறிவிட்டு நாக்கின் கீழோ கமக்கட்டிலோ வைத்த அந்தக் கருவியோடுதான் பாரன்ஹைட் வீடுகளுக்குள் வந்து தங்கியது. 100 என்ற எல்லையும் ஞாபகத்துக்கு வசதியானது. செல்சியஸில் அது 37.8, யார் மனதிலும் ஒட்டாத எண். மருத்துவர்கள் காய்ச்சலுக்கு எல்லையாகக் கொள்ளும் 38க்கோ பாரன்ஹைட்டில் 100.4.

பாதரசக் கருவிகள் இப்போது ஒதுங்கி வருகின்றன. மின்னணு வெப்பமானிகள் பலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் அலகு மாறும். கொரோனாக் காலத்தில் கடை வாசல்களில் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட கருவிகளும் அப்படித்தான், ஒன்று 36.5 காட்டினால், அதே உடம்புக்கு வேறு அலகில் வைத்த இன்னொன்று 97.7 காட்டும்.