பந்தைத் தொடராத கேமரா

அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும்போதே களத்தின் ஓரத்திலும் வீரர்களின் பெஞ்சிலும் நிகழ்பவற்றைப் படமாக்கும் வழக்கத்தை வேரூன்றச் செய்தது என்.எஃப்.எல். ஃபிலிம்ஸ் நிறுவனம். இதை நிறுவிய எட் சபோல் ஓவர்கோட் வியாபாரத்தில் இருந்தவர். திருமணப் பரிசாகக் கிடைத்த 16 மி.மீ. கேமராவால் மகன் ஸ்டீவ் ஆடிய ஆட்டங்களைப் படம்பிடித்துப் பழகியவர். 1962இல் என்.எஃப்.எல். தொழில்முறை லீகின் இறுதிப் போட்டியைப் படமெடுக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தார். டிசம்பர் 30 அன்று நியூயார்க் யாங்கீ ஸ்டேடியத்தில், கேமராக்களே உறைந்துபோகும் குளிரில், கிரீன் பே பேக்கர்ஸ் 16–7 என்ற கணக்கில் ஜயன்ட்ஸ் அணியை வென்றது. அந்தப் படம் லீகின் ஆணையர் பீட் ரோசெல்லைக் கவர்ந்தது. சில ஆண்டுகளிலேயே அணி உரிமையாளர்கள் சேர்ந்து நிறுவனத்தை லீகுக்குச் சொந்தமாக்கினர்.

நேரடி ஒளிபரப்பு செய்யும் தொலைக்காட்சி பந்தை விட்டு அகல முடியாது. ஃபிலிமோ ஆட்டம் முடிந்தபின் கழுவித் தொகுக்கப்படுவது. அதனால் அதன் கேமராவுக்கு வேறு பக்கம் திரும்பும் சுதந்திரம் இருந்தது. சபோலின் குழுவில் ஒருவர் உயரத்தில் நின்று முழு ஆட்டத்தையும் எடுத்தார். இன்னொருவர் கேமராவைக் கையிலேந்திக் களத்தின் விளிம்பில் நகர்ந்துகொண்டே இருந்தார். மூன்றாமவரின் வேலை ஆட்டத்துக்கு வெளியே இருந்தது: ரத்தம் கசியும் கை, பயிற்சியாளரின் முகச்சுளிப்பு, பெஞ்சில் தலைகுனிந்திருக்கும் வீரர். கலை வரலாறு பயின்ற ஸ்டீவ் இக்காட்சிகளை மெதுவசைவு, சாம் ஸ்பென்ஸின் இசை, ஜான் ஃபசெண்டாவின் கம்பீரக் குரல் ஆகியவற்றுடன் இணைத்தார். 1967இல் வந்த ‘தே கால் இட் புரோ ஃபுட்பால்’ இப்பாணிக்கு இலக்கணமானது.

அடுத்து ஒலி வந்தது. 1970 ஜனவரி 11 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த நான்காவது சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில், கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் பயிற்சியாளர் ஹாங்க் ஸ்ட்ராம் தம் உடைக்குள் மைக் அணிந்திருந்தார். அவரது அணி மின்னசோட்டா வைக்கிங்ஸை 23–7 என வென்றது. ஆட்டம் நெடுகிலும் அவர் உதிர்த்த கேலியும் கட்டளையும் கொண்டாட்டமும் படத்தில் இடம்பெற்றன. பின்னாளில் வீரர்களின் தோள்கவசத்துக்குள்ளும் மைக் பொருத்தப்பட்டது.

படமெடுப்பவரும் லீகும் ஒரே வீட்டார் என்பதால்தான் மற்றவர்களுக்கு எட்டாத இடங்களுக்குள் கேமரா நுழைய முடிந்தது. எதைக் காட்டுவது என்று முடிவுசெய்யும் அதிகாரமும் அதே காரணத்தால் லீகின் கையிலேயே இருந்தது. அதனால் இவை இயல்பான தருணங்களாயினும் தேர்ந்தெடுக்கப்பட்டவை.

2001இல் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் பயிற்சி முகாமைக் காட்டிய எச்.பி.ஓ. தொலைக்காட்சியுடன் இந்நிறுவனம் தயாரித்த ‘ஹார்ட் நாக்ஸ்’ தொடர் கேமராவை ஆட்ட நாளுக்கு அப்பாலும் கொண்டுசென்றது. ஸ்டீவ் 2012இலும் எட் 2015இலும் காலமாயினர். இருவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மன்றத்தில் இடம்பெற்றுள்ளனர்.