காற்றுள்ளபோதே தூற்றியவர்கள்

1973 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. டென்மார்க்கின் நெடுஞ்சாலைகளில் அன்று கார்கள் ஓடவில்லை. ஞாயிறுகளில் தனியார் வாகனங்களை ஓட்டலாகாது என்று அரசு தடை விதித்திருந்தது. வெறிச்சோடிய சாலைகளில் மக்கள் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் சென்றனர். அக்டோபரில் மூண்ட அரபு-இஸ்ரேல் போரைத் தொடர்ந்து அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலைக் குறைத்ததன் விளைவு அது. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், 1974-ன் தொடக்கத்தில் 12 டாலரை எட்டியது. தன் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்கை இறக்குமதி எண்ணெயிலிருந்தே பெற்றுவந்த ஒரு சிறு நாட்டுக்கு இது பேரிடியாக விழுந்தது.

அந்த நாடுதான் பின்னர் காற்றாலைத் தொழிலில் உலகுக்கு வழிகாட்டியது. எனவே, எண்ணெய் விலை உயர்ந்தால் புதுமை தானே பிறக்கும் என்று வாதிடுவோர் டென்மார்க்கையே முதற்சான்றாக எடுத்துக்காட்டுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மையே என்பது நம் கருத்து. மீதிப் பாதியைக் காண நாம் 1891-க்குச் செல்ல வேண்டும்.

அஸ்கோவ் என்னும் சிற்றூரில் ஒரு மக்கள் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அங்கே ஆசிரியராக இருந்த போல் லா கூர் என்ற இயற்பியலாளர் அவ்வாண்டில் காற்றாலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் சோதனைகளைத் தொடங்கினார். காற்றில்லாத பொழுதுக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்போதே அவரை வாட்டியது. அம்மின்சாரத்தால் நீரைப் பகுத்து, கிடைத்த ஹைட்ரஜனைச் சேமித்து, அதைக்கொண்டு பள்ளிக்கு விளக்கேற்றினார். கிராமங்களுக்கென்று 'காற்று மின்பணியாளர்' பயிற்சியையும் நடத்தினார். முதல் உலகப் போரில் எரிபொருள் அரிதானபோது அவர் விதைத்தது பயன் தந்தது. 1918 அளவில் ஏறத்தாழ 120 உள்ளூர் மின்நிலையங்கள் காற்றாலைகளை வைத்திருந்தன. போர் முடிந்து எரிபொருள் மலிந்ததும் அவற்றின் மீதான ஆர்வம் தேய்ந்தது. இரண்டாம் உலகப் போரிலும் இதே கதை மீண்டும் நடந்தது.

அஸ்கோவில் 1904-ஆம் ஆண்டு பயிற்சி பெற்ற மாணவர்களில் ஒருவர் யொகான்னஸ் யூல். மின்நிறுவனப் பொறியாளராக உயர்ந்த அவர், முதுமையில் தம் இளமைக்காலப் பாடத்துக்குத் திரும்பினார். 1957-இல் கெட்சர் என்னும் கடலோர ஊரில் 200 கிலோவாட் காற்றாலையை நிறுவினார். அதற்கு மூன்று இறக்கைகள். விட்டம் 24 மீட்டர். வேகம் எல்லை மீறினால் இறக்கை நுனிகள் தாமாகவே திரும்பிச் சுழற்சியைத் தடுக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. பத்தாண்டுகள் அது ஓடியது. 1967-இல் நிறுத்தப்பட்டது. எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் காற்றின் மின்சாரம் கட்டுப்படியாகவில்லை என்பதே அதற்குக் காரணம். இரண்டாண்டுகளில் யூலும் மறைந்தார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். 1973-இல் விலை நான்கு மடங்கானபோது டென்மார்க்கில் காற்றாலை புதிதாகப் பிறந்துவிடவில்லை. பரணில் கிடந்த ஓலைச்சுவடியைத் தேடி எடுப்பதுபோல், கைவிடப்பட்ட அறிவு தேடி எடுக்கப்பட்டது. 1977-இல் கெட்சர் காற்றாலையை மீண்டும் ஓட்டி அளவுகள் எடுத்தனர். அதில் அமெரிக்காவும் பங்கேற்றது.

அறிவு இருந்தது, விலையும் உயர்ந்தது. எனினும் வழி நேராக அமையவில்லை. டேனிஷ் மின்நிறுவனங்கள் முதலில் செய்தது எண்ணெயை விட்டுவிட்டு நிலக்கரிக்கு மாறியதுதான். அடுத்து அணுமின் நிலையங்களுக்குத் திட்டமிட்டன. விலையேற்றம் தூய்மையானதை நோக்கியே மனிதரைத் தள்ளும் என்று எண்ணுவது பிழை. கைக்கெட்டும் எதையும் நோக்கி அது தள்ளும்.

காற்றின் பக்கம் திரும்பியவர்கள் வேறு மனிதர்கள். கிறிஸ்டியன் ரீசாகர் என்ற தச்சர், யூலின் வடிவத்தைச் சிறிதாக்கி 22 கிலோவாட் காற்றாலைகளைச் செய்தார். ட்விண் என்ற இடத்துப் பள்ளி ஆசிரியர்கள் தம் ஊதியத்தைச் சேர்த்து, தன்னார்வலர் உழைப்பைக்கொண்டு, 1978-இல் மாபெரும் காற்றாலை ஒன்றைத் தம் கைகளாலேயே எழுப்பினர். கார்ல் எரிக் யோர்கென்சன் என்ற கொல்லரும் ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்ற இளைஞரும் சேர்ந்து உருவாக்கிய வடிவத்தை, வேளாண் வண்டிகளும் பாரந்தூக்கிகளும் செய்துவந்த வெஸ்டாஸ் நிறுவனம் 1979-இல் உரிமம் பெற்று வாங்கியது.

அதே விலையேற்றம் அமெரிக்காவையும் ஜெர்மனியையும் தாக்கியது. அங்கே நாசாவும் பெருநிறுவனங்களும் விமானப் பொறியியலைத் துணைகொண்டு நேராகப் பேருருவங்களையே எழுப்பின. ஜெர்மனியின் 3 மெகாவாட் 'குரோவியான்' 1983-இல் நின்றது. சில நூறு மணி நேரமே ஓடி, 1988-இல் பிரிக்கப்பட்டது. டென்மார்க்கில் காற்றாலை உரிமையாளர்கள் 1978-இல் சங்கம் அமைத்து, எந்த இயந்திரம் எவ்வளவு மின்சாரம் தந்தது, எது பழுதானது என்பதை வெளிப்படையாக அச்சிட்டனர். அதே ஆண்டில் ரிசோவில் சோதனை நிலையம் தொடங்கியது. 1979 முதல், அந்நிலையம் ஒப்புதல் அளித்த காற்றாலைக்கே அரசு 30 விழுக்காடு மானியம் தந்தது. சிறிதாகத் தொடங்கி, பழுதுகளை மறைக்காமல் பேசி, படிப்படியாகப் பெரிதாக்கிய இந்த முறையே வென்றது.

உண்மையான சோதனை 1986-இல் வந்தது. எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. அதற்குச் சற்று முன்னர் கலிபோர்னியாவின் காற்றாலை வரிச்சலுகைகளும் முடிவுற்றிருந்ததால், அச்சந்தையை நம்பியிருந்த டேனிஷ் நிறுவனங்கள் பல நொடித்தன. வெஸ்டாஸும் திவாலாகி, பின்னர் சீரமைக்கப்பட்டது. 1918-க்குப் பின் நடந்தது மீண்டும் நடந்திருக்க வேண்டும். இம்முறை நடக்கவில்லை. உலகச் சந்தையில் எண்ணெய் மலிந்தபோது டேனிஷ் அரசு எரிசக்தி வரியை உயர்த்தி, அந்த மலிவு நுகர்வோரை மயக்காமல் பார்த்துக்கொண்டது. 1985-இல் அணுமின் திட்டத்தை நாடாளுமன்றம் கைவிட்டிருந்தது. ஊர் மக்கள் கூட்டாகப் பங்கு போட்டுக் காற்றாலைகளை வாங்கினர். 1991-இல் விண்டபியில் உலகின் முதல் கடற்காற்றாலைப் பண்ணை எழுந்தது. இன்று டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு காற்றிலிருந்து வருகிறது. அந்தக் காற்றின் ஒரு கிளை நம் மண்ணையும் தொட்டது. 1980-களின் பிற்பகுதியில் கயத்தாறு, முப்பந்தல் பகுதிகளில் தொடங்கிய முன்னோடிக் காற்றாலைப் பண்ணைகளுக்கு டேனிஷ் அரசின் உதவி கிடைத்தது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நம் களத்துமேட்டு மொழி. எண்ணெய் விலையேற்றமும் அத்தகைய ஒரு காற்றுத்தான். அது எழும், அடங்கும். 2022-இல் உக்ரைன் போரின்போது பீப்பாய் விலை மீண்டும் 100 டாலரைத் தாண்டியது. அப்போதும் ஜெர்மனி முதலிய நாடுகள் ஓய்விலிருந்த நிலக்கரி உலைகளை மீட்டழைத்ததைக் கண்டோம். காற்று எழும்போது களத்தில் நெல் இருக்க வேண்டும்; அதை லா கூரும் யூலும் சேர்த்து வைத்தனர். தூற்றக் கைகள் வேண்டும். தச்சரும் கொல்லரும் ஆசிரியரும் வந்தனர். காற்று அடங்கிய பின்னும் தூற்றியதைக் காக்கும் மன உறுதி வேண்டும். 1918-இல் இல்லாது போனதும் 1986-இல் இருந்ததும் அந்த உறுதி ஒன்றே.