வந்தான், பார்த்தான், பேரை எழுதினான்: எகிப்துக் கல்லறைகளில் ஒரு தமிழ்ப் பயணி

எகிப்து டூர் பேக்கேஜ் எதை எடுத்துப் பார்த்தாலும் திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். கெய்ரோவில் பிரமிடு. லக்சரில் அரசர்களின் பள்ளத்தாக்கு. அப்புறம் லக்சரிலிருந்து அஸ்வான் வரை மூன்று நான்கு இரவு நைல் நதியில் கப்பல், நடுவில் எட்ஃபு, கோம் ஓம்போ கோயில்கள். தாமஸ் குக் 1869ல் முதல் குழுவை நைலுக்கு அழைத்துப் போனதிலிருந்து இந்தப் பாதை பெரிதாக மாறவில்லை. ஆனால் இதே இடங்களைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு தமிழ்ப் பயணியின் பெயர் தாமஸ் குக்குக்கு 1,600 வருஷங்களுக்கு முன்பே அங்கே சுவரில் ஏறிவிட்டது.

அவன் பெயர் சிகை கொற்றன்.

2026 பிப்ரவரியில் சென்னையில் நடந்த கல்வெட்டியல் மாநாட்டில், பாரிஸைச் சேர்ந்த சார்லோட் ஷ்மிட், லோசான் பல்கலைக்கழகத்தின் இங்கோ ஸ்ட்ராவ்ஹ் இருவரும் இதை விளக்கினார்கள். பள்ளத்தாக்கின் ஆறு கல்லறைகளில் சுமார் 30 இந்தியக் கீறல் எழுத்துகள். காலம் கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை. சில சமஸ்கிருதம், சில பிராகிருதம், பெரும்பாலானவை தமிழியில், அதாவது தமிழ் பிராமியில் எழுதப்பட்டவை. சிகை கொற்றன் மட்டும் ஐந்து கல்லறைகளில் எட்டு தடவை தன் பெயரை எழுதியிருக்கிறான். இன்னொருவன் 'வந்து பார்த்தேன்' என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறான்.

செய்தி வெளியானதுமே வாட்ஸ்அப் குழுக்களில் அது வேறு வடிவம் எடுத்துவிடும். 'பிரமிடைக் கட்டியது தமிழன்' வரைக்கும் போகும். உண்மையில் இந்தக் கீறல்கள் சொல்வது அதற்கு நேர் எதிரானது. கொற்றன் அங்கே போனபோதே அந்தக் கல்லறைகள் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு. அவற்றில் கடைசியாக வெட்டப்பட்டவைகூடக் கி.மு. 11ஆம் நூற்றாண்டைத் தாண்டாது. நமக்குத் தஞ்சைப் பெரிய கோயில் எவ்வளவு பழையதோ, அவனுக்கு அவை அதைவிடப் பழையவை. வியந்து பார்க்க வந்தவன் அவன், கட்டியவன் இல்லை.

சரி, சங்க காலத் தமிழன் ஒருவன் லக்சர் வரை எப்படிப் போனான்? விடை மிளகு.

அன்று எகிப்து ரோமப் பேரரசின் மாகாணம். செங்கடல் கரையில் இரண்டு துறைமுகங்கள்: வடக்கே மியோஸ் ஹோர்மோஸ், தெற்கே பெரெனிகே. அகஸ்டஸ் காலத்தில் மியோஸ் ஹோர்மோஸிலிருந்து வருஷத்துக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போனதாக ஸ்ட்ராபோ எழுதுகிறார். முசிறியில் ஏறிய மிளகு இந்தத் துறைகளில் இறங்கும். அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, நைல் கரையில் இருக்கும் காப்டோஸ் நகரத்துக்கு வரும். பெரெனிகேயிலிருந்து காப்டோஸுக்கு 12 நாள் பயணம், வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் ராத்திரியில்தான் நடப்பார்கள் என்கிறார் பிளினி. காப்டோஸில் சரக்கு படகில் ஏறி நைல் வழியாக அலெக்சாண்ட்ரியா போகும். வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸ் என்ற 2ஆம் நூற்றாண்டு ஒப்பந்தமும் இதே வழியைத்தான் சொல்கிறது: ஒட்டகம், காப்டோஸ், ஆறு, அலெக்சாண்ட்ரியா. அங்கே நாலில் ஒரு பங்கு வரி.

மேப்பைத் திறந்து பாருங்கள். காப்டோஸ் இன்றைய கிஃப்ட். அங்கிருந்து லக்சர் சுமார் 40 கிலோமீட்டர். ஆவடியிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரம்கூட இல்லை. வியாபாரத்துக்கு வந்தவன் கூப்பிடு தூரத்தில் உலக அதிசயம் இருந்தால் எட்டிப் பார்க்காமல் போவானா?

அவனுக்கு நேரமும் இருந்தது. இதில் பருவக்காற்றுக்குப் பங்கு உண்டு. இந்தியாவிலிருந்து மேற்கே போகிற கப்பல்கள் டிசம்பர், ஜனவரி வாக்கில் வடகிழக்குக் காற்றைப் பிடித்துக் கிளம்பும். எகிப்திலிருந்து திரும்பி வரும் கப்பல்கள் கிளம்புவது ஜூலை வாக்கில். நடுவே சில மாதங்கள். சரக்கை விற்றது போக மீதி நாள்கள் காத்திருப்புதான். கொற்றன் அந்த இடைவெளியில்தான் கல்லறைகளைச் சுற்றியிருப்பான் என்பது என் ஊகம். ஐந்து கல்லறை, எட்டு கையெழுத்து என்பது அவசரமாக வந்து போனவன் வேலை மாதிரி தெரியவில்லை.

அந்த ஊருக்கு அப்போதே சுற்றுலாக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. நைலின் மேற்குக் கரையில் இருக்கும் மெம்னோன் சிலைகளில் ஒன்று விடிகாலையில் சத்தம் எழுப்பும் என்று புகழ் பெற்றிருந்தது. ஸ்ட்ராபோ அதைக் கேட்டிருக்கிறார். பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 130ல் பரிவாரத்தோடு வந்தார். அந்தச் சிலையின் கால்களில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் நூற்றுக்கும் மேற்பட்ட கீறல்கள். கல்லறைகளுக்குள்ளே இன்னும் அதிகம்: ஜூல் பாயே என்ற பிரெஞ்சு அறிஞர் 1920களில் வெளியிட்ட தொகுப்பில் 2,000க்கும் மேல் இருக்கின்றன. 'பார்த்தேன், வியந்தேன்' என்பதுதான் பலவற்றின் சாரம். நம் ஆளின் 'வந்து பார்த்தேன்' அதே பாணி. பக்கத்துச் சுவரைப் பார்த்து மற்றவர்கள் செய்வதைத் தானும் செய்திருக்கிறான்.

எகிப்தில் தமிழ் எழுத்து கிடைப்பது இது முதல் தடவை இல்லை. மியோஸ் ஹோர்மோஸ் துறை இருந்த குசேர் அல்-கதிமில் கணன், சாதன் என்ற பெயர் கீறிய பானையோடுகள் முன்பே கிடைத்தன. அங்கேயே கிடைத்த இன்னொரு ஓட்டில் இருப்பதை 'பானை ஒறி' என்று ஐராவதம் மகாதேவன் படித்தார். உறிதான், நம் பாட்டி வீட்டு அடுப்படியில் தொங்கிய அதே உறி. பெரெனிகேயில் ஒரு கோயில் தரையில் ஏழரைக் கிலோ மிளகோடு ஒரு இந்தியச் சாடி புதைந்திருந்தது. அங்கே கிடைத்த ஒரு ஓட்டில் கொற்றன் என்ற பெயரோடு தொடர்புள்ள எழுத்தையும் படித்திருக்கிறார்கள். கொற்றன் சேர நாட்டோடு ஒட்டிய பெயர். புறநானூற்றில் வரும் பிட்டங்கொற்றன் சேரனின் படைத்தலைவன்.

ஆனால் பானையோடு சொல்வதும் சுவர் சொல்வதும் ஒன்றல்ல. பானை கப்பலில் தானாகப் போகும்; சொந்தக்காரன் போயிருக்க வேண்டிய அவசியமில்லை. பெயர் எழுதுவதும் பெரிய விஷயமில்லை. இங்கே திருவள்ளூர் பக்கத்துப் பட்டரைப்பெரும்புதூரில் தோண்டியபோதும் தமிழி எழுத்துள்ள ஓடுகள் வந்தன. கல்லறைச் சுவரில் இருக்கிற பெயர் அப்படி இல்லை. அந்த இடத்தில் அந்த ஆள் தன் கையால் கீறினால்தான் அது அங்கே வரும். லாகின் பதிவு மாதிரி. அதுவும் துறைமுகத்தில் இல்லை, கடற்கரையிலிருந்து பல நாள் நடையில், வியாபாரத்துக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒரு குகைக்குள். தமிழர்கள் துறைமுகத்தோடு நின்றுவிடவில்லை, நாட்டுக்குள் போனார்கள், ஊர் சுற்றினார்கள், எழுதவும் தெரிந்தவர்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா?

எனக்கு இதில் பிடித்தது, இவன் ராஜா இல்லை என்பதுதான். நம் பழைய வரலாற்றில் பெயர் மிஞ்சுவது வென்றவனுக்கும் கொடுத்தவனுக்கும் பாடியவனுக்கும். ஊர் பார்க்கப் போனவன் என்ற ஒரே காரணத்துக்காகப் பெயர் மிஞ்சியவன் அபூர்வம். 'தமிழன் உலகை ஆண்டான்' என்று ஃபார்வர்ட் செய்கிறபோது காணாமல் போவது இந்த மனிதன்தான்.

எகிப்து போகிற திட்டம் இருந்தால் ஒரு யோசனை. பள்ளத்தாக்கின் சாதாரண டிக்கெட்டில் மூன்று கல்லறைகள்தான் பார்க்க முடியும். துட்டன்காமுன் கல்லறைக்கும், ஐந்தாம், ஆறாம் ராம்செஸ்களின் கல்லறைக்கும் தனி டிக்கெட். இந்த இரண்டாவது கல்லறையில் மட்டும் கிரேக்க, லத்தீன் கீறல்கள் ஆயிரத்தை நெருங்குகின்றன. கைடு கூரை ஓவியத்தைக் காட்டும்போது நீங்கள் சுவரையும் ஒரு பார்வை பாருங்கள். பக்கத்தில் உங்கள் பெயரை எழுத மட்டும் வேண்டாம், இன்றைக்கு அது குற்றம். கொற்றன் நமக்கும் சேர்த்து எட்டு தடவை எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறான்.