இறுதி ஆட்டங்களும் எண்களும்: றக்பி லீக் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் எண்களிலிருந்தே தொடங்குவர். வென்றவர் யார், பெற்ற புள்ளிகள் எத்தனை, திரண்ட மக்கள் எத்தனை பேர் என்பனவே ஏடுகளில் முதலிடம் பெறும். ஆயினும், ஒரு விளையாட்டு எதனைப் போற்றுகின்றது என்பதை எண்கள் மட்டும் உணர்த்திவிடுவதில்லை. அதனை உணர்த்துவன, ஆண்டு முழுவதும் நடந்த போட்டிகளுக்கு முடிவு கூறும் இறுதி ஆட்டங்களே. றக்பி லீக் விளையாட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்விளையாட்டு ஒரு கூலிப் பிரச்சினையிலிருந்தே பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தில் றக்பி ஆடியோருட் பலர் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள். ஆட்டத்துக்காக வேலையை விட்டால், அந்நேரத்துக்குரிய கூலியை அவர்கள் இழக்க நேர்ந்தது. கிண்ணியா போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கொட்டியாரக் குடாவில் வலைவீசி வாழும் ஒருவன் கடலுக்குச் செல்லாத நாளில் அவன் வீட்டுக்கு வருமானம் இல்லை. அவன் மைதானத்தில் நிற்கும் ஒவ்வொரு மாலைப்பொழுதுக்கும் ஒரு விலை உண்டு.

இழந்த கூலிக்கு ஈடு வழங்க வட பகுதிக் கழகங்கள் விரும்பின. ஊதியம் பெறாது ஆடுவதே பண்பு எனக் கொண்ட றக்பிச் சங்கம் அதனை மறுத்தது. இதன் விளைவாக, 1895 ஆகஸ்ட் 29ஆம் நாள் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலிற் கூடிய கழகப் பிரதிநிதிகள் பிரிந்து சென்று வடபுலச் சங்கத்தை நிறுவினர். அவர்கள் விதித்த ஈடு நாளொன்றுக்கு ஆறு சிலிங்குக்கு மேற்படாதது. 1906இல் அணியின் ஆட்டக்காரர் தொகை 15இலிருந்து 13ஆகக் குறைக்கப்பட்டது. புதிய விளையாட்டு இவ்வாறு தனி உருப்பெற்றது.

இவ்வரலாற்றின் ஓர் ஏடு இலங்கையையும் தொடுகின்றது என்பது பலர் அறியாதது. 1907இல் வெலிங்டன் நகரத் தபால் எழுதுநரான அல்பேட் பாஸ்கவில் என்னும் இளைஞர், நியூசிலாந்து அணியொன்றைத் திரட்டி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் 50 பவுண் முதலிட்டு, இலாபத்திற் பங்கு பெறுவதே ஏற்பாடு. 'ஓல் பிளாக்ஸ்' எனப் புகழ்பெற்ற நாட்டு அணியின் பெயரைத் திரித்து, இவர்களை 'ஓல் கோல்ட்ஸ்' எனச் சிட்னிப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. பொன்னுக்கு ஆடுவோர் என்பது அதன் உட்பொருள். அவ்வணி செல்லும் வழியில், அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பில் இறங்கி, பழைய றக்பி விதிகளின்படி இலங்கை அணியுடன் ஆடி 33-6 என வென்றது. இங்கிலாந்தில் அவர்கள் கண்ட முத்தொடரோ இறுதிவரை முடிவுறாதிருந்தது. முதலாட்டத்திற் தோற்று, இரண்டாவதில் வென்று, 1908 பெப்ரவரியிற் செல்ட்டனம் நகரில் நடந்த மூன்றாவதை 8-5 எனக் கைப்பற்றினர். பாஸ்கவில் அவ்வாண்டு மே மாதம், தாயகம் மீளுமுன்னரே, நியூமோனியாவால் பிறிஸ்பேனிற் காலமானார். அப்போது அவருக்கு வயது 25. எள்ளலுக்கு ஆளான பயணம், ஒரு நாட்டின் விளையாட்டுக்கு அடித்தளமாயிற்று.

ஆடாமலே முடிவுற்ற இறுதி ஆட்டமும் உண்டு. 1909இல் சிட்னியின் இறுதி ஆட்டம், பிறிதொரு காட்சிப் போட்டிக்கு முன்னோடியாக வைக்கப்பட்டது. தம் ஆண்டு முழு உழைப்பின் நிறைவு வேறோர் ஆட்டத்துக்கு முகவுரையாவதை ஏற்காத பால்மெயின் அணி, களமிறங்க மறுத்தது. சவுத் சிட்னி வெற்றியாளராக அறிவிக்கப்பட்டது. ஏட்டில் உள்ளது வெற்றியாயினும், மக்கள் நினைவில் நீண்டு நிலைத்தது அந்த மறுப்பே.

எண்களின் பெருமையையும் மறுத்தல் இயலாது. 1956 முதல் 1966 வரை சிட்னியின் சென். ஜோர்ஜ் கழகம் தொடர்ந்து 11 ஆண்டுகள் வாகை சூடியது. 1954 மே 5ஆம் நாள் பிராட்ஃபோர்டின் ஓட்சல் அரங்கில், வொரிங்டன், ஹலிஃபக்ஸ் அணிகள் மோதிய சலஞ்ச் கிண்ண மறு ஆட்டத்தை 1,02,569 பேர் கண்டதாகப் பதிவாயிற்று. முதலாட்டம் 4-4 எனச் சமநிலையுற்றமையே மறு ஆட்டத்துக்குக் காரணம். அதனை 8-4 என வென்ற வொரிங்டன், மூன்று நாட்களின் பின் அதே அணியை 8-7 என வென்று சம்பியன் பட்டத்தையும் பெற்றது. 1999இற் சிட்னி இறுதி ஆட்டத்துக்கு 1,07,999 பேர் திரண்டனர். இடைவேளையில் 14-0 எனப் பின்தங்கிய மெல்பேண், இறுதியில் 20-18 என வென்றது.

எனினும், நெஞ்சை நெகிழ்விப்பது 1968இன் வெம்ப்ளி ஆட்டமே. பெருமழையால் நீர் தேங்கிய களத்தில், இறுதி நிமிடத்தில் லீட்ஸ் 11-7 என முன்னணியில் நின்றது. அப்போது வேக்ஃபீல்ட் அணியின் கென் ஹேர்ஸ்ட், கோற்கம்பங்களின் அருகே பந்தைத் தரையிற் பதித்து மூன்று புள்ளிகள் பெற்றார். எஞ்சியது ஓர் உதை. பந்து கம்பங்களிடையே சென்றால் இரண்டு புள்ளிகளும் கிண்ணமும் உறுதி. உதைத்தவர் டொன் ஃபொக்ஸ். பந்து விலகிச் சென்றது. லீட்ஸ் 11-10 என வென்றது. அன்றைய சிறந்த ஆட்டக்காரருக்கான விருது ஃபொக்ஸுக்கே வழங்கப்பட்டது. ஒரு மனிதனின் முழுநாள் உழைப்பும் ஒரு கணத் தவறும் அருகருகே நின்ற காட்சி அது.

இவ்விளையாட்டு எதனைப் போற்றுகின்றது என்பதற்கு விடை 1963இல் உள்ளது. அவ்வாண்டு இறுதி ஆட்டத்தில் சென். ஜோர்ஜ், வெஸ்டேண் சபேப்ஸ் அணியை 8-3 என வென்றது. ஆட்டம் முடிந்ததும், சேறு படிந்த நெடிய தலைவர் நோம் புறோவனும், தோற்ற அணியின் குறுகிய தலைவர் ஆதர் சமன்ஸும் ஒருவரையொருவர் அணைத்து நின்ற காட்சியை, புகைப்படக்காரர் ஜோன் ஓகிறேடி பதிவுசெய்தார். சேற்றுக்குள் வென்றவர் யார், தோற்றவர் யார் எனப் பிரித்தறிதல் அரிது. 1982 முதல் அவுஸ்திரேலியச் சம்பியன் கிண்ணத்தில் அவ்விருவரின் உருவே வார்க்கப்பட்டுள்ளது. 2013இல் அக்கிண்ணம் இருவர் பெயரையும் பெற்றது.

தோற்றவனையும் தன் வெற்றிக் கிண்ணத்திற் செதுக்கிவைத்த விளையாட்டு, உழைப்பவனின் இழந்த கூலியைக் கேட்டுப் பிறந்தது என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. உழைப்பு மதிக்கப்படல் வேண்டும் என்ற கோரிக்கையே அதன் தொடக்கம். தோல்வியுற்ற உழைப்பும் மதிக்கப்படல் வேண்டும் என்பது அதன் முதிர்ச்சி. கிண்ணியாவின் உதைபந்தாட்ட மைதானங்களிற் பொழுது சாயும்வரை ஓடும் இளைஞருக்கும், அவர்தம் வரலாற்றை நாளை எழுதப் போகும் மாணவருக்கும் இது பொருந்தும். வென்ற அணியின் பெயரோடு, எதிர்த்து நின்ற அணியின் பெயரையும் எழுதிவைத்தாலன்றி அவ்வேடு நிறைவுறாது.